3 மணிக்கு வரும் எண்ணம்

2023-இல் விசைத்தறித் தொழில் நொடித்து, கடன் கழுத்துவரை வந்திருந்த நேரம். தினமும் விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். 'நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி' என்ற எண்ணமும் கூடவே எழுந்துகொள்ளும். உண்மையில் சாக வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. இந்த வேதனை நின்றால் போதும் என்றிருந்தது. இரண்டும் வேறு வேறு என்பது பிறகுதான் புரிந்தது.

காய்ச்சலுக்குப் போன இடத்தில் ஒரு மருத்துவரிடம் இதை லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "ஆம்பளப் பிள்ளை, தைரியமா இரு" என்று அனுப்பிவிட்டார். அதன் பிறகு வாயே திறக்கவில்லை.

ஒரு ராத்திரி ரொம்பவே முடியவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போனபோது அரசு மருத்துவமனைச் சுவரில் பார்த்த டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண் 14416, ஞாபகம் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து கூப்பிட்டேன். பேசிய பெண் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தற்கொலை எண்ணம் வருதா சார்?" என்று நேராகவே கேட்டார். அந்த வார்த்தையை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதும் அழுகை வந்துவிட்டது. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று நம் பக்கம் பயப்படுவார்கள். எனக்கு நடந்தது நேர்மாறு. பாரத்தைப் பாதி இறக்கிவைத்த மாதிரி இருந்தது. "இப்ப யாரைக் கூப்பிட்டா வருவாங்க?" என்றார். அக்கா என்றேன்.

கரூரிலிருந்து முதல் பஸ்ஸில் அக்காவும் மாமாவும் வந்து இறங்கினார்கள். துண்டில் சுற்றிய தோசை மாவுத் தூக்கு அக்கா கையில். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அடுப்பைப் பற்றவைத்து, "முதல்ல சாப்பிடுடா" என்றாள்.

வெளியே தெரிந்தால் கேஸாகிவிடுமோ என்று மாமாவுக்குப் பயம். எண்ணம் வருவதற்கெல்லாம் கேஸ் கிடையாது. முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு.

அன்றைக்கே மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டோம். மனச்சோர்வு நோய் என்றார் மருத்துவர். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரை அக்கா கையில் இருக்கட்டும் என்றார். முதல் பத்து நாள் குமட்டலும் வாய் வறட்சியும்தான். விட்டுவிடலாம் என்றே தோன்றியது. நாலாவது வாரம் ஒரு நாள் கண் விழித்தபோது மணி ஐந்தரை. அந்த ஐந்தரையை நான் மறக்கவே மாட்டேன்.

ஆலோசகர் என்னையே ஒரு தாள் எழுதவைத்தார். போனை எடுக்காமல் விடுவது, சவரம் செய்யாமல் திரிவது என்று என் அறிகுறிகள் மேலே. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது நடுவில்: முகம் கழுவு, பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு நட. கீழே, அக்கா, ஒரு நண்பன், 14416, தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சிநேகா 044-24640050. தாள் இன்றும் போன் உறைக்குள்தான் இருக்கிறது, மடிப்பெல்லாம் கிழிந்து. எண்ணம் காய்ச்சல் மாதிரி ஏறும், அப்புறம் இறங்கும் என்று இப்போது தெரியும். எனக்கு அரை மணி நேரம், சில நாள் முக்கால் மணி. அதுவரை தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கடன் இன்னும் இருக்கிறது, தவணையாகக் கட்டுகிறேன். எண்ணமும் எப்போதாவது வரும். போன மாதம் வந்தபோது டீக்கடை பெஞ்சிலிருந்து அக்காவைக் கூப்பிட்டு, "அது வந்திருக்குக்கா" என்றேன்.

"மாவு இருக்கு, வரட்டுமா?" என்றாள்.