மூச்சை உள்ளிழுத்துச் சொல்லும் ‘ஆமாம்’

நார்வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். எண்பது தாண்டிய ஒரு பாட்டிக்குக் காலைச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ரொட்டித் துண்டின் மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்து, “இது போதுமா?” என்று எனக்குத் தெரிந்த நார்வேஜிய மொழியில் கேட்டேன். அவர் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தார். குளத்தில் முங்கி எழுந்தவர் இழுக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். நெஞ்சை அடைக்கிறது என்று பதறி நர்ஸைக் கூப்பிட ஓடினேன். நர்ஸ் வந்து குனிந்து அவரிடம் ஏதோ கேட்டார். மறுபடியும் அதே சத்தம். நர்ஸ் என் தோளைத் தொட்டு, “அவர் ‘யா’ என்று சொல்கிறார், வேறொன்றும் இல்லை” என்றார்.

‘யா’ என்றால் ஆமாம். நாம் எல்லோரும் மூச்சை வெளியே விட்டுத்தான் பேசுகிறோம். இங்கே இந்தச் சொல்லைப் பலர் மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து பக்கமும் இது உண்டு. வடக்கு ஸ்வீடனில் சொல்லே போய்விட்டு, உதட்டைக் குவித்து இழுக்கிற காற்று மட்டும்தான் மிஞ்சும். அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, ‘நீ சொல்வது புரிகிறது’ என்கிற அர்த்தத்தில் வரும். நாம் கதை கேட்கும்போது ‘ம்’ கொட்டுவோமே, கிட்டத்தட்ட அது. மொழி வகுப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அவர்களுக்கும் என்னைப் படிக்கத் தெரியவில்லை. “செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் பார்க்க முடியுமா?” என்று பொறுப்பாளர் கேட்டார். நான் தலையை ஆட்டினேன், நம் ஊர் ஆட்டல், இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக. எனக்கு அது ‘சரி, வருகிறேன்’. அவர் கண்ணுக்கு அது ‘தெரியவில்லை, பார்க்கலாம்’. செவ்வாய் காலை ஆறரைக்குப் பனியில் நடந்து போய்ச் சேர்ந்தால், என் இடத்தில் வேறொருவர் நிற்கிறார். அன்றைக்கு மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது. அப்புறம்தான் வாயால் ‘யா’ என்று சொல்லப் பழகினேன். தலை இன்னமும் ஆடுகிறது. ஆடட்டும், கூடவே சொல்லும் வந்துவிடுகிறதே.

அதைவிடக் கடினமாக இருந்தது கண். கும்பகோணத்தில் பெரியவர்கள் பேசினால் பார்வையைத் தாழ்த்தி நின்று வளர்ந்தவள் நான். இங்கே அப்படி நின்றால், எதையோ மறைக்கிறேன், அல்லது எப்போது கிளம்பலாம் என்று பார்க்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கூட வேலை செய்யும் ஒரு பெண்தான் செய்து காட்டினார். நாற்காலியில் இருக்கிற பாட்டி முன்னால் குந்தி உட்கார்ந்தார். தன் கண் அவர் கண்ணுக்கு நேராக வரும் வரை இறங்கினார். கையை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பாட்டி திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்து, பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

பெயர் சொல்லித்தான், அதுவும் ஒருமையில். நார்வேஜிய மொழியிலும் ‘நீங்கள்’ இருந்திருக்கிறது. 1970களுக்குப் பிறகு அது பேச்சு வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. எண்பது வயதுக்காரரை ‘நீ’ என்று சொல்ல என் நாக்கு பல மாதங்கள் மறுத்தது. ஆனால் அந்தப் பெண் குந்தி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு, மரியாதை விகுதியில் இல்லாவிட்டால் முழங்காலில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். இவர்கள் ஒட்டாதவர்கள் என்று வந்த புதிதில் நானும் நினைத்தேன். தப்பு. பேருந்தில் பக்கத்து சீட்டில் உட்காரவே தயங்குகிற அதே ஆள், ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையில் எதிரே வந்தால் முன்பின் தெரியாத என்னைப் பார்த்து ‘ஹை’ சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்.

விருந்துக்குப் போகிற இடத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் காபி வேண்டுமா என்றால் முதலில் வேண்டாம் என்போம். அவர்கள் வற்புறுத்த வேண்டும், நாம் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. இங்கே வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. எண்பதுகளில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எங்கள் குடியிருப்பில் இருக்கிறார். “ரெண்டாந்தரம் கேக்க மாட்டினம் தங்கச்சி. வேணுமெண்டால் முதலிலேயே ஓம் எண்டு சொல்லுங்கோ” என்றார். நான் காபி இல்லாமல் திரும்பிய மூன்று வீடுகளுக்குப் பிறகு கிடைத்த அறிவுரை அது.

நன்றி சொல்வதில்தான் எனக்கு இன்னும் மனம் முழுசாகப் பதியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ‘தக் ஃபொர் மாத்தன்’, சாப்பாட்டுக்கு நன்றி என்று சமைத்தவரிடம் சொல்லியாக வேண்டும். போன வாரம் சந்தித்தவரை மறுபடி பார்த்தால், அந்தச் சந்திப்புக்கும் ஒரு நன்றி உண்டு. நம் வீட்டில் யார் அம்மாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறோம்? சொன்னால் அந்நியப்படுத்துகிற மாதிரி இருக்கும். இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவோம், அதுதான் நன்றி.

போன கோடையில் அம்மா மூன்று மாதம் வந்து இருந்தார். முதல் நாளே என் மகன் மழலையர் பள்ளிப் பழக்கத்தில், தட்டைத் தள்ளிவிட்டு ‘தக் ஃபொர் மாத்தன், பாட்டி’ என்றான். அர்த்தம் சொன்னதும் அம்மா முகம் வாடிவிட்டது. “எனக்கு எதுக்குடா நன்றி? நான் என்ன ஓட்டல்காரியா?” என்றார். அவன் விடவில்லை, தினமும் சொன்னான். ஆகஸ்டில் ஒரு நாள் வாசலில் நண்பர்கள் கூப்பிட, வத்தக்குழம்பு சாதத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு எழுந்து ஓடிவிட்டான். அம்மா தட்டை எடுக்காமல் மேஜை பக்கத்திலேயே நின்றார்.

“இன்னிக்கு ஒண்ணும் சொல்லாம போயிட்டானேடி. உப்பு கூடிப்போச்சோ?”