மூன்றாம் நாள் முகம்

"தொலைக்காட்சியில் வருவதற்கு நீங்கள் முதலில் யாரைப் பார்த்தீர்கள், மேடம்?" பிளாஸ்டிக் சர்ஜரி படிக்க வரும் இளம் மருத்துவர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். நின்றுகொண்டே பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. உட்கார வைத்து அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் பார்த்தது தீக்காய வார்டை. எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம். பட்டாசு ஆலையில் வெடித்தது என்று செய்தி வந்தால் எங்கள் தெருவில் அன்றைக்கு யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. மதுரையில் பொது அறுவை சிகிச்சைக்கான எம்.எஸ். படித்தபோது அப்படி வந்தவர்களுக்குக் கட்டு மாற்றியதுதான் என்னை இந்தத் துறைக்கு இழுத்தது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று, அதன்பின் பிளாஸ்டிக் சர்ஜரிக்கான எம்.சிஎச். மூன்று. நுழைவுத் தேர்வுக்குக் காத்திருந்த காலத்தைச் சேர்க்காமலே பதினொன்றரை ஆண்டு. அதில் அழகுக்காகச் செய்யும் அறுவைகளை நான் பார்த்த நாட்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் தீக்காயம், விபத்தில் நசுங்கிய கை, பிளவுபட்ட உதடு, புற்றுநோய் தின்ற கன்னம்.

தோல் ஒட்டும் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியர் என்றால், ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டதா இல்லையா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் வார்டு சிஸ்டர். தொடையிலிருந்து சீவி எடுக்கும் தோல் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. கத்தியின் மேல் அது சுருண்டு வரும்போது வெங்காயத்தின் உள்சவ்வைப் போல ஒளி ஊடுருவும். புண்ணின் மேல் அதைப் பரப்பியபின் முதல் இரண்டு நாள் அடியில் கசியும் நீரை உறிஞ்சித்தான் அது பிழைத்திருக்கிறது. அதன்பிறகே இரத்தக் குழாய்கள் வந்து சேர்கின்றன. அதற்குள் அடியில் இரத்தம் தேங்கினாலும், நோயாளி புரண்டு தோல் நகர்ந்தாலும், எல்லாம் போய்விடும். ஐந்தாம் நாள் கட்டுப் பிரிப்போம். சிஸ்டர் உப்புநீரை ஊற்றி ஊற்றி, துணி தானாக விடும்வரை பொறுத்திருப்பார். நான் அவசரப்பட்டு இழுத்தால் கையைப் பிடித்துக்கொள்வார். "நனையட்டும் டாக்டர். இழுத்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தொடைதான் இருக்கிறது." துணிக்கு அடியில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அந்த வார்டு முழுவதற்கும் அன்று நல்ல நாள்.

மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து, தாடை நெஞ்சோடு ஒட்டிப்போன பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வாய் மூடாது, தலையை நிமிர்த்த முடியாது. இரண்டு ஆண்டுகளாகத் தரையை மட்டுமே பார்த்திருந்தாள். தழும்பை அறுத்துக் கழுத்தை விடுவித்துத் தோல் ஒட்டினோம். மறுநாள் காலை அவள் கட்டோடு மல்லாந்து கிடந்து, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை நிறுத்த வேண்டாம் என்று அவள் அம்மா அட்டெண்டரிடம் கெஞ்சினார்.

பிறகு சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். மூக்கு, கண்ணிமை, கொழுப்பு நீக்கம், சுருக்கத்துக்கான ஊசி எல்லாம் அங்கேதான் நிறையச் செய்யத் தொடங்கினேன். இந்த வேலையை நான் தாழ்வாக நினைத்ததே இல்லை. முகத்தால் கூனிப்போனவர் நிமிர்வதை வார்டிலும் பார்த்திருக்கிறேன், குளிரூட்டிய அறையிலும் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் நிர்வாகத்திலிருந்து அழைத்து, காலை நிகழ்ச்சியில் அரை மணி நேரம் நேயர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். மகிழ்ச்சியோடு போனேன். நான்கு வாரம் கழித்துத்தான் அந்த அரை மணி நேரத்தை மருத்துவமனை விலை கொடுத்து வாங்கியிருக்கிறது என்று தெரிந்தது. அதற்குள் நகரத்தில் இரண்டு இடங்களில் என் படத்தோடு விளம்பரப் பலகை எழுந்துவிட்டது. யாரோ புகார் எழுதினார்கள். மாநில மருத்துவக் கவுன்சிலிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

அன்று இரவுதான் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகளை வரி வரியாகப் படித்தேன். மருத்துவர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது. சொந்தப் படத்தைப் பெயர்ப் பலகையில் போடுவதுகூட விளம்பரம்தான். ஆனால் பொது சுகாதாரம் பற்றித் தன் பெயரில் பத்திரிகையில் எழுதலாம், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசலாம். 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்து அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது இந்தப் பழைய விதிகள்தான். படிக்கும் காலத்தில் இதை எனக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. நானும் தேடிப் படிக்கவில்லை. அது என் தவறு. பலகை வைக்கப்பட்டது எனக்குத் தெரியாது என்று எழுதச் சொன்னார்கள் மருத்துவமனை நிர்வாகத்தில். தெரியும் என்றே எழுதினேன். கவுன்சிலில் நேரில் வரச் சொல்லி, எச்சரித்து அனுப்பினார்கள். பலகைகளைக் கழற்றிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

நிகழ்ச்சியை விட்டுவிடலாம் என்று எனக்கு எம்.சிஎச். கற்பித்த பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு பழைய செய்தியை நினைவூட்டினார். திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு மூக்கு அறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனே அருகே ஒருவர் புது மூக்கு அமைத்தார். மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டி விரித்து நெற்றியில் வைத்து அளவெடுத்து, அந்தத் தோலைப் புருவ நடுவில் வேர் அறுபடாமல் திருப்பிக் கீழே இறக்கினார். 1794 அக்டோபரில் லண்டன் இதழ் ஒன்றில் இது படத்தோடு வெளியானது. இருபது ஆண்டு கழித்து, 1814-இல், ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் இங்கிலாந்தில் இதே முறையைச் செய்துபார்த்தார். நெற்றித் தோலை இறக்கும் அந்த முறையை நாங்கள் இன்றும் கையாள்கிறோம். "நோயாளியின் பெயர் தெரிகிறது. வைத்தியர் செங்கல் செய்யும் குலத்தவர் என்பதோடு சரி, பெயர் இல்லை. ஆனால் வித்தை உலகம் முழுக்கப் போய்விட்டது. நீயும் வித்தையைப் பேசு, போ" என்றார் சார்.

மருத்துவமனை பணம் கட்டாத வேறொரு நிகழ்ச்சிக்குப் போனேன். முதல் நாளே எழுதிக் கொடுத்தேன்: திரையில் மருத்துவமனையின் தொலைபேசி எண் வரக் கூடாது, எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்த நோயாளியின் முகமும் வரக் கூடாது, செலவுத் தொகையைப் பேச மாட்டேன். தயாரிப்பாளர் முகம் சுளித்தாலும் கையெழுத்துப் போட்டார்.

அங்கே பேசிய ஆண்டுகளில் நான் நிறைவாக உணர்ந்த நாட்கள் இரண்டு. 2016-இல் சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தபோது, அழைத்தவர்கள் எல்லோரும் நடுங்கிப்போயிருந்தார்கள். செய்பவரின் பட்டம் என்ன, பதிவு எண் என்ன, மயக்க மருந்து கொடுத்தவர் கடைசிவரை அதே அறையில் இருப்பாரா என்று கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள் என்று அரை மணி நேரமும் அதையே சொன்னேன். அடுத்தது 2018. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கு இலவச கிளினிக் தொடங்கியபோது, ஏழைகளுக்கு எதற்கு அழகு சிகிச்சை என்று நெறியாளர் கேட்டார். மார்பின் பாரம் தாங்காமல் உள்ளாடைப் பட்டி தோளில் பள்ளம் பறித்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். குனிந்து பெருக்கி வாழ்கிறவர்கள் அவர்கள். கழுத்து வலிக்கு ஆண்டுக்கணக்கில் தைலம் தேய்க்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் என் விரல் பதிந்திருக்கிறது என்றேன். நெறியாளர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் நெடுநாள் தோற்றுக்கொண்டே இருந்தேன். தொலைக்காட்சிக்கு எப்போதும் இரண்டு படங்கள்தான் வேண்டும்: அறுவைக்கு முன், அறுவைக்குப் பின். இரண்டுக்கும் நடுவே இருக்கும் நாட்களை யாரும் கேட்பதில்லை. நானும் கொடுக்கவில்லை.

சிறு வயதில் ஊஞ்சலில் அடிபட்டு மூக்கு கோணிப்போன ஒரு பெண். வங்கியில் வேலை. நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் வந்திருந்தார். வீக்கம் வரும், கண்ணைச் சுற்றிக் கன்றிப்போகும், ஒரு வாரம் மூக்கின் மேல் கட்டு இருக்கும், முழு வடிவம் தெரிய ஓர் ஆண்டுகூட ஆகலாம் என்று எல்லாவற்றையும் சொல்லியே கையெழுத்து வாங்கினேன். அறுவை நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். இமைகள் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் உப்பி, கோடு போலத்தான் கண் தெரிந்தது. கன்னத்தில் மஞ்சள் இறங்கியிருந்தது. கைக்கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"எல்லாம் சொன்னீர்கள் டாக்டர். காட்டவில்லையே" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. பத்தாம் நாள் வீக்கம் வடிந்து அவர் சிரித்தபோதும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவரிடம், அந்த மூன்றாம் நாள் படத்தைத் திரையில் காட்டலாமா என்று தயங்கிக் கேட்டேன். ஒரு வாரம் யோசித்து, தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்து கையெழுத்திட்டார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

காலை நேரத்தில் இதைப் போட்டால் பார்ப்பவர்கள் வேறு நிகழ்ச்சிக்கு மாறிவிடுவார்கள் என்று தயாரிப்பாளர் பயந்தார். இந்தப் படம் இல்லாமல் நான் மூக்கைப் பற்றிப் பேச மாட்டேன் என்றேன். மூன்று படங்களும் வரிசையாக வந்தன. நடுவில் இருந்த படத்தை முழுதாக ஒரு நிமிடம் திரையில் வைத்திருந்தார்கள்.

முதல் அழைப்பு திண்டுக்கல்லிலிருந்து. வழக்கமாக எவ்வளவு செலவாகும் என்றுதான் தொடங்குவார்கள். அந்த அம்மா, "டாக்டரம்மா, இந்த வீக்கம் எத்தனை நாளில் வடியும்? என் மகளுக்கு ஏப்ரலில் பரீட்சை இருக்கிறது" என்று கேட்டார்.

"அப்படியானால் பரீட்சை முடிந்தபிறகு பார்க்கலாம் அம்மா" என்றேன்.