ஒன்றரை ஷிப்ட்

2023 ஜூன் 12, திங்கள்

பள்ளிகள் திறந்த அதே நாளில் நான் பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஏறிய பேருந்து முழுவதும் சீருடைப் பிள்ளைகள். சின்னம்மா கொடுத்த தூக்குப் போசியைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று தெரியவில்லை. மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் நீல உறையில், பரண்மேல் இருக்கின்றன. ஒரு வருடம்தான்.

ஜூன் 17, சனி

ஆறு ஷிப்ட், 1,920 ரூபாய். அம்மாவுக்கு 1,500 அனுப்பினேன்.

ஜூன் 29, வியாழன்

பிசிறு வெட்டுவது எளிது என்றுதான் நினைத்திருந்தேன். கழுத்துப் பட்டியில், கை மடிப்பில், பக்கத் தையல் முடியும் இடத்தில் என்று ஒவ்வொரு சட்டையிலும் நூல் தொங்கும் இடங்கள் கண்ணுக்குப் பழக வேண்டும்; கத்தரியின் நுனி துணியில் பட்டால் பொட்டளவு ஓட்டை விழும், அதைச் செக்கிங் அக்கா கண்டுபிடித்துச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். இன்று எனக்கு நான்கு அம்புகள். இரவு சோறு போட்டுக்கொண்டிருந்த சின்னம்மாவின் சேலை ஓரத்தில் தொங்கிய நூலை என்னையறியாமல் பற்களால் கடித்தேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 6, வியாழன்

துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட், அதாவது கம்பெனிச் சோதனை, வருகிறதாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இன்றும் நாளையும் வர வேண்டாம் என்று நேற்று மாலை சூப்பர்வைசர் அண்ணன் சொல்லிவிட்டார். கூலி கிடையாது. எங்கள் நன்மைக்காக எழுதப்பட்ட விதியை அவர்கள் எங்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்பது எனக்கு இரண்டு நாள் கூலிக்குக் குறையாத எரிச்சலைத் தருகிறது. பரணில் ஏறி உறையைப் பார்த்தேன். மொழிப் பாடங்களை விட்டு, 400-க்கு 341.

ஆகஸ்ட் 21, திங்கள்

பதினெட்டு. ஆதார் நகல் கொடுத்தேன், இ.எஸ்.ஐ., பி.எஃப். படிவங்களில் கையெழுத்திட்டேன். இனி ஒன்றரை ஷிப்ட்: காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை, 480 ரூபாய்.

செப்டம்பர் 25, திங்கள்

கம்பெனி இல்லை. மின்கட்டணத்தைக் குறைக்கக் கோரிச் சிறுதொழில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். நாள் முழுவதும் உறங்கினேன்.

நவம்பர் 10, வெள்ளி

போனஸ். சேர்ந்து சில மாதங்களே ஆனதால் என் பங்கு சிறியது. பத்து வருடம் ஓவர்லாக் தையல் மெஷினில் இருக்கும் அக்காவின் கவர் தடிமனாக இருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. கல்லூரிக்குப் போன தோழிகள்மேல் வர வேண்டிய பொறாமை இந்தக் கவரின்மேல் ஏன் வந்தது என்று ஊருக்கு, அரூர் போகும் பேருந்தில் சேலம் வரைக்கும் யோசித்தபடி வந்தேன்.

2024 ஜனவரி 19, வெள்ளி

பொங்கல் முடிந்து திரும்பிவிட்டேன். அப்பாவின் கால் அப்படியேதான் இருக்கிறது. வகைநுண்கணிதம் எப்படி இருக்கிறது என்று தோழியிடம் கேட்டதற்கு, செமஸ்டர் கட்டணம், விடுதிச் சாப்பாடு என்று வேறு எதையோ சொன்னாள்.

மார்ச் 14, வியாழன்

ஆர்டர் குறைவு. மூன்று நாளாக ஒரே ஷிப்ட். இருட்டுவதற்கு முன் வீடு திரும்ப முடிந்தும் நிம்மதி இல்லை. குறைந்த பணத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மே 6, திங்கள்

அடுத்த செட்டுக்குப் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. டீ இடைவேளையில் எல்லோர் போனிலும் யாரோ ஒருவருடைய மதிப்பெண். நான் பரணில் ஏறினேன். உறைக்குள் பஞ்சுத் தூசியும் அரை விரல் நீள வெள்ளை நூலும் கிடந்தன. என் கையோடுதான் போயிருக்க வேண்டும்.

மே 11, சனி

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். கூலி வாங்கியபின் இணைய மையத்தில் உட்கார்ந்தேன். பி.எஸ்சி. கணிதம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. எந்தக் கல்லூரி என்பதில்தான் கை நின்றது. தருமபுரி அரசுக் கல்லூரி என்றால் வீட்டிலிருந்தே போய் வரலாம், அப்பாவையும் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் சனிக்கிழமைக் கவர் இருக்காது. திருப்பூர் எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரி என்றால் மாலையில் நான்கு மணி நேரம் செக்கிங்குக்கு வரலாம் என்று சூப்பர்வைசர் அண்ணனே சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன வேளையில் நான் மனத்துக்குள் அரை ஷிப்ட், 160 ரூபாய், மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்று பெருக்கி முடித்திருந்தேன். கணிதம் எனக்கு இப்போது இதற்குத்தான் பயன்படுகிறது. மையத்து அண்ணன் இரண்டு முறை கேட்டார்: “முதல்ல எதைப் போடட்டும்மா?” நாளை வருகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மே 12, ஞாயிறு

போகவில்லை.

மே 15, புதன்

அம்மாவிடம் போனில் கேட்டேன். “உனக்கு எது தோதோ அதப் போடு பாப்பா” என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, இந்த வாரம் எவ்வளவு அனுப்புவாய் என்றார்.

மே 18, சனி

திருப்பூரை முதலில் போட்டேன், தருமபுரியை இரண்டாவதாக. ரசீதை நீல உறையில் வைத்தேன். அவசர ஷிப்மென்ட் இருப்பதால் நாளை ஞாயிறும் வர வேண்டுமாம்.