ஐப்பசியில் திறக்கும் கத்தி

பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காபித் தோட்டத்தில், ஐப்பசி பிறந்துவிட்டால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி காயாது, தீக்குச்சி உரசினால் பற்றாது, உப்பு ஜாடியிலேயே நீர் விட்டுக் கிடக்கும். அப்படியொரு காலையில், மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டிய பழைய கயிறு தண்டை இறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அதை அறுத்துவிடுவதற்காகப் பையிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்தேன். அலகு வெளியே வரவில்லை. குளிரில் விறைத்த விரலால், அலகைத் திறக்க அதில் வெட்டியிருக்கும் நகக்குழியைப் பிடித்து இழுக்க, நகம்தான் மடங்கியது. பக்கத்தில் நின்ற பெரியவர் தம் கவாத்துக் கத்தியால் ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்துவிட்டு, "கத்தி நல்ல கத்திதான் தம்பி, மழைக்கு ஆகாது" என்றார்.

அன்றிலிருந்து மடக்குக் கத்திகளை நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டு வருகிறேன். வடகிழக்குப் பருவமழை நடக்கும் இரண்டு மாதங்களில், நனைந்த கையோடு, சேறு ஒட்டிய விரலோடு அது திறக்குமா, வேலை முடிந்தபின் பத்திரமாக மடங்குமா என்பதே அந்தக் கேள்வி. கூர்மை, அழகு, எஃகின் பெருமை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அன்று என் பையிலிருந்தது ஓபினெல் நிறுவனத்தின் எட்டாம் எண் கத்தி. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓபினெல் என்ற இளைஞர், தம் ஊர் மக்களின் அன்றாட வேலைக்கென்று செய்யத் தொடங்கிய கத்தி இது. 1897இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் வெளியிட்டார்கள். ஒன்றும் பதினொன்றும் பின்னாளில் நின்றுபோயின. எட்டாம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளம் உள்ளது. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, உலக்கைக்குப் பூண் போட்டதுபோல் கழுத்தில் இரண்டு உலோக வளையங்கள், இவ்வளவுதான் அதன் உடம்பு. வெளிவளையத்தைத் திருகினால் திறந்த அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும். இந்தப் பூட்டு 1955இல் சேர்ந்தது. அதற்குமுன் வந்தவற்றில் பிடியின் இறுக்கம் மட்டுமே அலகை நிறுத்தி வைத்தது.

இந்தக் கத்தி அறுக்கும் அழகுக்கு ஈடாக இன்னொன்றை நான் கையாண்டதில்லை. அலகு மெல்லியது, முதுகிலிருந்து கூர்ப்பக்கம்வரை சீராகச் சரிந்து வருவது. ஆகவே ஆரஞ்சுத் தோலிலும் வெண்ணெய்ப்பழத்திலும் வாழைநாரிலும் அது வெட்டுகிறது என்பதைவிட நுழைகிறது என்றே சொல்ல வேண்டும். ஆனால் பிடி பீச் மரத்தால் ஆனது. மரம் ஈரத்தைக் குடித்தால் ஊதும், ஊதினால் அலகு படுத்திருக்கும் பிளவு நெருங்கும், நெருங்கினால் அலகு கவ்விக்கொள்ளும். அது செய்தவரின் குற்றமன்று, மரத்தின் இயல்பு. நனைந்த கம்பளிச் சட்டையின் பையில் இரண்டு நாள் போட்டு வைத்ததும், பிடிக்கு எண்ணெய் காட்டாமல் விட்டதும் என் பிழைகள். சவோய்க்காரர்கள் இதற்கொரு வழி வைத்திருக்கிறார்கள். பிடியின் பின்முனையைக் கடினமான ஓரிடத்தில் தட்டினால் அலகு சற்று வெளியே எழும், அதைப் பிடித்து இழுத்துவிடலாம். தோட்டத்தில் தட்டுவதற்குக் கல்லுக்குப் பஞ்சமில்லை. என்றாலும் ஒரு கையில் கொடியைப் பிடித்திருப்பவனுக்கு அந்த வழி உதவாது.

அடுத்ததாக நான் சுமக்கத் தொடங்கியது விக்டரினாக்ஸின் பயனியர். இதுவும் மலைநாட்டுக் கத்திதான். சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் 1884இல் கார்ல் எல்செனர் பட்டறை வைத்தார், 1891இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார், அதிகாரிகளுக்கான இலேசான கத்தியை 1897இல் பதிவு செய்தார். ஓபினெல் தம் கத்திகளுக்கு எண்ணிட்ட அதே ஆண்டில் ஆல்ப்ஸின் இன்னொரு பக்கத்தில் இது நடந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. பலரும் அறிந்த சிவப்புப் பிளாஸ்டிக் பிடி பயனியருக்குக் கிடையாது. மேடுபள்ளமாக அச்சிட்ட அலுமினியத் தகடுதான் அதன் பிடி, மடக்கிய நிலையில் நீளம் 93 மில்லிமீட்டர். அலுமினியம் ஊதாது, வெடிக்காது, அந்தச் சொரசொரப்பு ஈரக் கையிலும் வழுக்காது. அலகு எவர்சில்வர் வகை எஃகு. கார்த்திகை முழுவதும் பையில் கிடந்தும், திறக்கும்போது முதல் நாள் கேட்ட அதே சொடுக்கொலிதான் கேட்டது.

அதில் எனக்கு மிகவும் பயன்படுவது அலகைவிட, அதனோடு மடங்கியிருக்கும் துளையூசியான தமரூசி என்று சொன்னால் சிலர் வியக்கலாம். சொட்டுநீர்க் குழாயில் துளையிடவும், இறுகிப்போன சாக்குத் தையலைத் தளர்த்தவும், முடிச்சின் கண்ணை விரிக்கவும் அதுவே கைகொடுக்கிறது. சாக்கை அலகால் கிழித்துத் திறப்பது எளிதுதான். ஆனால் காபிக்கொட்டை நிரப்பி மறுபடியும் தைக்க வேண்டிய சாக்கை யாரும் கிழிக்க மாட்டார்கள்.

பயனியரின் அலகுக்குப் பூட்டு இல்லை, முதுகில் இருக்கும் வில்லின் அழுத்தமே அதை நிறுத்துகிறது. இதைச் சிலர் பெருங்குறையாகச் சொல்கிறார்கள். அறுக்கும்போது கூர்ப்பக்கத்தின்மேல் விழும் விசை அலகை மேலும் திறக்கும் திசையிலேயே தள்ளுகிறது, ஆகவே அப்போது கத்தி தானாக மடங்காது. முனையால் குத்தும்போதும், சிக்கிய அலகை அசைத்து வெளியே இழுக்கும்போதும்தான் விசை எதிர்ப்பக்கம் திரும்பி விரல்மேல் மடங்கும். குத்துகிற வேலைக்குத் தமரூசியையும் அறுக்கிற வேலைக்கு அலகையும் பயன்படுத்துகிறவருக்குப் பூட்டில்லாத கத்தி போதும் என்பது என் துணிபு.

பூட்டின்மேல் நான் வைத்த நம்பிக்கை குறைந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கையாலேயே திறக்கும் கத்தி வேண்டும் என்று சில ஆண்டுகளுக்குமுன் ஒன்றை வாங்கினேன், பெயர் இங்கே தேவையில்லை. அலகு திறந்ததும் உள்ளேயிருக்கும் மெல்லிய தகடு நகர்ந்துவந்து அதன் குதிகாலில் முட்டி நிற்கும் வகை அது. தகடு எங்கே எவ்வளவு அழுத்தமாக முட்டுகிறது என்பதிலேயே அந்தப் பூட்டின் உயிர் இருக்கிறது. இடையில் செம்மண் புகுந்தாலோ, பிடியை முறுக்கிப் பிடிக்கையில் விரல் தகட்டை அழுத்தினாலோ அது நழுவிவிடக்கூடும். என் ஆள்காட்டி விரலில் இருக்கும் வெள்ளைத் தழும்பு அவ்வாறு நழுவிய நாளின் அடையாளம். இவ்வகைப் பூட்டைத் துல்லியமாகச் செய்தால் உறுதியாகவே நிற்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டு இருக்கிறது என்ற எண்ணமே அன்று என் கையைக் கவனமற்றதாக்கியது. முதுகுப்பக்கத்தில் நெம்புகோல் வைத்துப் பூட்டும் வகை இதைவிட நம்பகமானது. அதை 1960களில் பக் நிறுவனத்தின் 110 என்ற கத்தி புகழ்பெறச் செய்தது. எனினும் பித்தளையும் மரமுமாக அது பையைக் கீழே இழுக்கிற கனம்.

எஃகைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓபினெல் கார்பன் எஃகிலும் துருப்பிடிக்காத எஃகிலும் கிடைக்கிறது, என்னிடம் இருப்பது கார்பன். அதில் நூற்றுக்கு ஒரு பங்கை நெருங்கும் கார்பன் உண்டு, துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் இல்லை. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்வதற்குக் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் வேண்டும். எங்கள் பக்கத்து மலைவாழையின் கறை பட்டால் கார்பன் அலகு ஒரே நாளில் நீலம் பாய்ந்து, ஒரு மாதத்தில் கருஞ்சாம்பல் நிறமாகிவிடும். அதைத் துருவென்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடக் கூடாது. செந்துரு உதிர்ந்து எஃகைத் தின்னும், இந்தக் கரும்படலமோ ஒட்டிக்கொண்டு செந்துருவை ஓரளவு தள்ளிவைக்கும். பழத்துண்டில் இரும்பு வாடை ஏறுவது மட்டும் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை, ஆகவே வீட்டில் ஆரஞ்சு உரிக்கும்போது பயனியர்தான் வெளியே வரும்.

கூர் பிடிப்பதில் கார்பன் எளிது. ஈரச் சாணைக்கல்லில் பத்து நிமிடம் இழைத்தால் முடியை வழிக்கும். பயனியரின் அலகு எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 56 மட்டுமே, ஆகவே சீக்கிரம் மழுங்கும், சீக்கிரமே கூரும் ஏறும். பக்கத்துக்குப் பதினைந்து முதல் இருபது பாகைக்குள் கோணத்தை நிறுத்தினால் இரண்டுக்கும் போதும். தெருவில் சைக்கிளில் சக்கரம் சுற்றி வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுக்கலாம், இவற்றைக் கொடுக்கக் கூடாது. மெல்லிய முனை உலர்ந்த சக்கரத்தில் சூடேறி நீலநிறம் காட்டினால் எஃகின் பதம் அங்கே போய்விட்டது என்று பொருள், பிறகு எத்தனை முறை இழைத்தாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. மடங்கும் ஆணிக்குத் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன், குளிரில் உறைந்து பிசினாகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

சட்டம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. இந்திய ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளே ஆயுதப் பட்டியலில் வருகின்றன, அவற்றிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. நான் சொன்ன கத்திகள் அந்த அளவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. பழனிக்குப் போகும் நாளில் நானாகவே வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

ஒரே ஒரு கத்திதான் வாங்க முடியும் என்று மலையில் இருப்பவர் கேட்டால், தயங்காமல் பயனியரைச் சொல்வேன். என் ஓபினெலை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் அதை எடுத்து, பிளவின் உட்பக்கத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி, ஒரு வாரம் அடுப்படியில் காய வைக்கிறேன். தை முதல் புரட்டாசி வரை அது சட்டைப்பையில் இருக்கிறது. ஐப்பசி முதல் நாள் அது அரிசிப் பானைக்குள் போய்விடுகிறது.