கதவுக்கடியில வெளிச்சம்

ஜூன் 9
மணி 1.20. மக ரூம் கதவுக்கடியில இன்னைக்கும் அந்த நீலக் கோடு. உள்ள போய் போனைப் பிடுங்கிட்டேன். அவ ஒரு வார்த்தை பேசல. சண்டை போட்டிருந்தா தேவல.

ஜூன் 10
பேசல.

ஜூன் 12
முருங்கைக்கீரை போட்டு கூட்டாஞ்சோறு வச்சேன். ரெண்டு வாய் தின்னுட்டு எந்திச்சிட்டா. அப்பதான் பார்த்தேன், கட்டைவிரல் நகம் சதை தெரியக் கடிச்சிருக்கா. காய்ஞ்சு கறுத்த ரத்தம். போனைப் பிடுங்கினதுக்கு முந்தியே கடிச்ச நகம் அது.

ஜூன் 13
"பொட்டப்பிள்ளைக்கு என்னத்துக்குட்டி போனு, தூக்கி ஆத்துல போடு"ங்காங்க அத்தை. வீட்டுப்பாடம் வாரதே அதுலதான்.

14416-க்குக் கூப்பிட்டேன், டெலி மானஸ், அரசாங்க மனநல உதவி எண். எத்தனை மணிக்குத் தூங்குதான்னுதான் முதல்ல கேட்டாங்க. இந்த வயசுக்கு 8-லருந்து 10 மணி நேரம் வேணுமாம். எண்ணிப் பார்த்தேன், இவளுக்கு 5 கூட வராது. "உங்க போன் ராத்திரி எங்க இருக்கும்மா?"ன்னு அடுத்து கேட்டாங்க. தலைமாட்டுலன்னு சொல்ல நாக்கு எழும்பல.

ஜூன் 14
போனைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ராத்திரி 10 மணிக்கு மூணு போனும் தார்சா ஜன்னல்ல. அவரு முனங்கினாரு, ஆனா வச்சாரு.

ஜூன் 15
கோடு இல்ல. என் கைதான் தலைமாட்டைத் தடவுது.

ஜூன் 17
குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனோம், நாங்க ரெண்டு பேர் மட்டும். படித்துறையில துண்டைப் பிழிஞ்சுக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம சொன்னா. அவ போட்டோவை அசிங்கமா மாத்தி யாரோ இன்ஸ்டாகிராம்ல போட்டிருக்காங்க. அடியில வகுப்புப் பிள்ளைங்க சிரிச்சு வச்சிருக்கு. ராத்திரி ராத்திரி அவ பார்த்துக்கிட்டு இருந்தது அதைத்தான், இன்னைக்குப் புதுசா யாரு சிரிச்சிருக்காங்கன்னு.

"சொன்னா போனைப் பிடுங்கிருவியேன்னுதாம்மா சொல்லல."

9-ஆம் தேதி நான் செஞ்சதும் அதுதானே. பிழிஞ்ச துண்டையே திரும்பத் திரும்பப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தா பிள்ளை.

ஜூன் 18
கணக்குப் பேரும் தேதியும் தெரியும்படி முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம், பிறகு ரிப்போர்ட். இவளும் தன் கணக்கைத் தொடங்கும்போதே வயசைக் கூட்டிப் போட்டிருக்கா. 18-க்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்குன்னு அதுல வச்சிருக்க பாதுகாப்பு எதுவும் இவளுக்குக் கிடைக்கல. நான் திட்டல. உக்காந்து மாத்தப் பார்த்தோம். அடுக்களைக் காலண்டர்ல 1098-ன்னு, பிள்ளைங்க உதவிக்குக் கூப்பிடுற எண்ணை, அவளே எழுதி வச்சா.

ஜூன் 20
பள்ளிக்கூடத்துல "பாத்துக்கிடுதோம்"னாங்க. எழுதிக் கொடுத்துட்டுத்தான் வந்தேன்.

ஜூன் 23
மணி 2. கதவுக்கடியில இருட்டு. உள்ள புரண்டு படுக்க சத்தம்.
"ஏட்டி, தூங்கலியா?"
"இல்லம்மா. உள்ள வா."
விடியுற வரைக்கும் பேசினா.

ஜூன் 24
அந்தக் கணக்கு இன்னும் அப்படியே இருக்கு. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவும் போகணும், 10 மணிக்கு.