அப்பா வருமானம் கேட்கும் படிவங்கள்: வேலைக்குப் போய்க்கொண்டே படிப்போருக்கான கல்வி உதவி

கல்வி உதவித்தொகைக்கான படிவம் எதை எடுத்தாலும் தந்தையின் பெயர், தந்தையின் தொழில், பெற்றோரின் ஆண்டு வருமானம் ஆகிய கட்டங்கள் தவறாமல் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்து நேராகக் கல்லூரிக்குப் போகிற 18 வயதுப் பிள்ளைக்கு இவற்றை நிரப்புவதில் சிரமம் ஏதுமில்லை. ஆனால் பகலெல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துவிட்டு, இரவில் பிள்ளைகளைத் தூங்கவைத்த பின் பி.காம். பாடப் புத்தகத்தைத் திறக்கிற 35 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கட்டங்களே முதல் தடையாகிவிடுகின்றன. "ஏனுங்க, எங்கப்பாரு போயே பத்து வருசமாச்சு, இதுல நான் யாரு வருமானத்தைப் போடறதுங்க?" என்று எங்கள் அலுவலகத்தில் ஓர் அம்மிணி கேட்டார். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால், சம்பளச் சான்று கேட்டு வருகிறவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளையும் கூடவே கொண்டுவருவது வழக்கம். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காக விதிகளைப் படிக்கத் தொடங்கி, இப்போது அதில் ஓரளவு தேர்ச்சியே வந்துவிட்டது.

கொங்குப் பகுதியில் வயது கடந்து படிக்க வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதற்குக் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிகளும், கோவையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளும், திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் 18 வயதுக்காரருக்கு உடனே வேலை கொடுத்துவிடும். வேலை கிடைத்ததால் நின்றுபோன படிப்பு, சூப்பர்வைசர் பதவிக்கோ டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கோ பட்டம் வேண்டும் என்று ஆகும்போதுதான் மீண்டும் நினைவுக்கு வருகிறது. அதற்குள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடியிருக்கும்.

அந்த நிலையில் வருகிறவர்களிடம் எந்தெந்தக் கதவுகள் மூடியிருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் தொலைக்காட்சியில் பார்த்த திட்டத்தை நம்பி அலைந்து சோர்ந்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருபவை; ஆனால் அவை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, கல்லூரிக்கு நேரில் சென்று பயிலும் பிள்ளைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. தொலைநிலைக் கல்வியில் படிப்போருக்கு அவை பொருந்தா. கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசின் தகுதி உதவித்தொகைக்கு 18 முதல் 25 வரை என்று வயது வரம்பு உண்டு. அஞ்சல்வழிப் படிப்புக்கு அதிலும் இடமில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் மூலம் தொழிற்படிப்பில் சேரும் மாணவர்களுக்கானது. வீட்டில் இதுவரை யாருமே பட்டம் வாங்கவில்லை என்பது 40 வயதில் தொலைநிலையில் படிக்கிறவருக்கும் உண்மைதான், ஆனால் சலுகை அவரை எட்டிப் பார்ப்பதில்லை.

உதவித்தொகையோடு இந்தப் போக்கு நின்றுவிடவும் இல்லை. வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய கல்விக் கட்டணம் இரண்டு பிள்ளைகளின் முழுநேரப் படிப்புக்கானது. ஒருவர் தமக்காகக் கட்டும் கல்லூரிக் கட்டணத்துக்கு அதில் இடமில்லை. வருங்கால வைப்பு நிதியில் கல்விக்காக முன்பணம் எடுக்கும் விதியும் நீண்ட காலம் மகன் அல்லது மகளின் படிப்பையே குறிப்பிட்டுவந்தது. மாணவர் என்றாலே யாரோ ஒருவரின் பிள்ளை, சம்பாதிப்பவர் என்றாலே யாரோ ஒருவரின் பெற்றோர் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதிகள் இவை. இரண்டுமாக ஒரே ஆள் இருக்கக்கூடும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவில் நடுவண் அரசின் பெல் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர் 24 வயதைக் கடந்துவிட்டால் பெற்றோர் வருமானத்தைக் காட்ட வேண்டியதில்லை. பகுதிநேரமாகப் படித்தால் எடுக்கும் பாடங்களின் அளவுக்கேற்பத் தொகை குறையுமே தவிர அறவே மறுக்கப்படுவதில்லை. அதே போன்ற ஒரு விதியை இங்கே எழுதுவதற்குப் பெரிய நிதிச் சுமை வந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனித் திறந்திருக்கும் கதவுகளைப் பார்க்கலாம். வயது வந்தவர் உதவித்தொகையைத் தேடுவதற்கு முன் குறைந்த கட்டணத்தைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. கட்டணம் குறைவாக இருந்தால் தேடவேண்டிய உதவியும் குறைந்துவிடுகிறது. 2002-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ ஆகியவற்றில் பி.ஏ., பி.காம். போன்ற பட்டங்களுக்கான ஆண்டுக் கட்டணம் ஒரு டெய்லர் தவணையாகச் சேர்த்துவைத்துக் கட்டக்கூடிய அளவிலேயே இருக்கிறது. கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளும் நம் பகுதியினருக்குப் பழக்கமானவை. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை பெறும் பெண்கள் சிலர் அதைத் தொடாமல் சேர்த்துவைத்துப் பட்டப்படிப்புக்குக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கல்வி உதவி என்ற பெயர் அதற்கு இல்லாவிட்டாலும், பெற்றோர் வருமானம் கேட்காமல் அவர்கள் கைக்கே வரும் தொகை அது ஒன்றுதான். நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்களை ஷிப்ட் முடிந்த பின் படிக்கவைத்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் வரை கொண்டுசெல்லும் கே.பி.ஆர். மில் போன்ற நிறுவனங்களும் இங்கே உண்டு. மில் வேலைக்குச் சேரும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் ஆகியோருக்கு வழி இன்னும் அகலமானது. இக்னோவில் குறிப்பிட்ட சில படிப்புகளில் சேரும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் கட்டண விலக்கு உண்டு; ஆனால் ஒரே நேரத்தில் ஒரு படிப்புக்கு மட்டுமே அதைக் கோரலாம். திருநங்கையர், திருநம்பியர் ஆகியோருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் 2017 முதல் கட்டண விலக்கு அளித்துவருகிறது. விலக்கு என்றால் கையிலிருந்து பணமே எடுக்கத் தேவையில்லை என்பதால், பின்னால் திருப்பித் தரப்படும் எந்த உதவியையும்விட இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

அதற்கு அடுத்தது, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பலரும் அறியாத செய்தி இதில்தான் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் பட்டியலின மாணவர்களுக்கான குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். அஞ்சல்வழியில், தொலைநிலையில் படிப்போருக்கும் இதில் இடமுண்டு என்பது நெடுங்காலமாக உள்ள விதி. வேலையில் இருக்கும் மாணவரை இது ஒதுக்கிவிடவில்லை: அவருடைய வருமானமும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் வருமானமும் சேர்ந்து உச்சவரம்பைத் தாண்டாவிட்டால், திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களை அரசு ஈடுசெய்யும், பராமரிப்புத் தொகை மட்டும் கிடைக்காது. திருமணமாகி வேலைக்குப் போகாத பெண்ணுக்குக் கணவரின் வருமானத்தையே பார்க்க வேண்டும் என்றும், உடன்பிறந்தவர்கள் சம்பாதித்தாலும் அதைச் சேர்க்கக் கூடாது என்றும் குறிப்பு இருக்கிறது. வாரம் 4,000 ரூபாய் வாங்கும் ஒருவர் 52 வாரமும் விடாமல் வேலை பார்த்தால்கூட ஆண்டுக்கு 2,08,000 ரூபாய்தான் வரும். ஆர்டர் இல்லாத வாரங்களைக் கழித்தால் இன்னும் குறையும். சம்பளக்காரர் என்பதாலேயே தமக்குத் தகுதி இல்லையென்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்டவர்களில் பலர் உண்மையில் தகுதியுள்ளவர்கள். அந்த ஆண்டுக்குரிய அறிவிப்பை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு விண்ணப்பித்தால் போதும்.

பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் தொலைநிலைப் படிப்பில் இவ்வளவு வாய்ப்பு இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது, இரண்டாம் ஷிப்ட் நடக்கும் அரசு கலைக் கல்லூரிகள்: இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது, வகுப்புகள் பிற்பகலில் நடக்கும். இரவு ஷிப்ட் பார்ப்பவர் சமாளித்துவிடலாம். சேர்க்கை அறிவிப்பில் வயது பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதி என்னவாக இருந்தாலும் அதை நிரூபிப்பது வருமானச் சான்றிதழ்தான். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கு இது எளிது. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்கு, வேலை பார்த்துச் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவருக்குக் காட்டுவதற்கு ரசீது ஏதும் இருக்காது; விசாரணைக்கு வருபவர் மனக்கணக்காக ஒரு தொகையை எழுதிவிட்டால் அதுவே நிலைத்துவிடும். நிறுவனத்தின் லெட்டர்பேடில், கடந்த 12 மாதங்களில் பெற்ற மொத்தக் கூலியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கணக்குப் பிரிவினர் இதைக் கொடுக்கத் தயங்கக் கூடாது. எங்களுக்கு அது சில நிமிட வேலை. திருமணமான பெண்களுக்கு இன்னொரு தொல்லை: சாதிச் சான்றிதழ் தந்தை பெயரிலும், குடும்ப அட்டை கணவர் பெயரிலும், ஆதாரில் பழைய முகவரியுமாக இருக்கும். உதவித்தொகை ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்கே வருவதால், விண்ணப்பிப்பதற்கு முன்பே இவற்றைச் சரிசெய்துவிட வேண்டும்.

ஈடுசெய்யும் உதவி எதுவாயினும் கட்டணம் முன்னால் போகும், பணம் பின்னால் வரும். இந்த இடைவெளியில்தான் பலர் வட்டிக்கு வாங்குகிறார்கள். தெரிந்த தறிக்காரர் ஒருவரிடம், "ஸ்காலர்ஷிப் வந்ததும் எல்லாஞ் சரியாயிரும்" என்று சொல்லிப் பல்கலைக்கழகக் கட்டணத்தைவிட அதிகமாகவே வாங்கிக்கொண்டார் ஓர் இடைத்தரகர். ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. பல்கலைக்கழக இணையதளத்தில் நேரடியாகக் கட்டி, அந்த ரசீதை வைத்திருப்பவருக்கே பின்னால் கோரும் உரிமை இருக்கும். உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் பேச்சு வளர்க்கவே தேவையில்லை.

டிப்ளமா முடித்து பம்பு, ஃபவுண்டரி, ஜவுளி இயந்திரத் தொழில்களில் வேலை பார்ப்பவர்கள் கோவையில் பகுதிநேர பி.இ. படிக்கிறார்கள், அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. ஆகிய பொறியியல் கல்லூரிகள் இதில் நெடுங்காலமாக அறியப்பட்ட பெயர்கள். இவர்களுக்கு உதவும் முதல் ஆள் முதலாளியாகத்தான் இருக்க முடியும். பாதிக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, படிப்பு முடிந்தபின் சில ஆண்டுகள் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பது வழக்கம். அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எத்தனை ஆண்டு, நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

வங்கிக் கடனைக் கடைசியில் வைக்கிறேன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் வயது வரம்பு எதுவும் இல்லை. 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்பதும் இல்லை. இணைக் கடனாளியாகப் பெற்றோர்தான் வர வேண்டும் என்றில்லாமல், திருமணமானவருக்குக் கணவரோ மனைவியோ மாமனார் மாமியாரோ வரலாம் என்று சொல்லியிருப்பதைப் படித்தபோது, மாணவருக்குக் குடும்பம் இருக்கலாம் என்று யோசித்த அரிய படிவங்களில் இது ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். பழைய வரிமுறையில் இருப்பவர் தம் சொந்தப் படிப்புக்கு வாங்கிய கடனின் வட்டியை வருமான வரிக் கணக்கில் 8 ஆண்டுகள் வரை கழித்துக்கொள்ளவும் முடியும். எனினும் தொலைநிலைப் பட்டத்துக்காக யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை. பகுதிநேரப் பொறியியல் போன்ற பெரிய செலவுக்கு மட்டும் வங்கியை அணுகலாம், பகுதிநேரப் படிப்பை அந்தக் கிளை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொண்டு.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் ஜூலைச் சேர்க்கையில் சேர நினைப்பவர்கள் வருமானச் சான்றிதழுக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூன் வந்தால் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் குவிந்து, இ-சேவை மையத்தில் நிற்க இடமிருக்காது.