ஆளுக்குப் பாதி என்று கையெழுத்துப் போடும் முன்

பல்கலைக்கழகமும் ரசாயன நிறுவனமும் சேர்ந்து ஒரு வினையூக்கியை உருவாக்கப் போகின்றன. ஒப்பந்தத்தில் 'காப்புரிமை ஆளுக்குப் பாதி' என்று இருந்தால் பேராசிரியருக்கு நிம்மதி. சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவைப் படித்தவருக்கு அந்த நிம்மதி வராது.

வேறு உடன்பாடு எழுதப்படாதவரை, கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மற்றவரைக் கேட்காமலே, கணக்கும் காட்டாமலே கண்டுபிடிப்பைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் வேறொருவருக்கு உரிமம் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். ஜூரோங் தீவில் ஆலை வைத்திருப்பவர் டன் கணக்கில் தயாரித்து விற்கலாம். ஒரு காசு பங்கு தர வேண்டியதில்லை. கென்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்தில் கண்ணாடிக் குடுவையோடு இருப்பவருக்கோ உரிமம் கொடுத்தால்தான் வருமானம். போட்டியாளருக்கு உரிமம் போக எந்த நிறுவனம் சம்மதிக்கும்? சமமாகத் தெரியும் இந்தப் பங்கீட்டைவிட, உரிமை முழுவதையும் நிறுவனத்திடமே விட்டுவிட்டு, விற்பனையில் ராயல்டி விகிதத்தையும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் சந்தைக்கு வராவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்ற விதியையும் எழுதி வாங்குவது பெரும்பாலும் மேல்.

அடுத்த தகராறு, கண்டுபிடிப்பாளர் யார் என்பது. 'எண்ணம் எங்களுடையது' என்பதுதான் கல்வியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்ததை அவர்கள் பார்க்க வேண்டும். காக்ஸ்-2 நொதியை மட்டும் தேர்ந்து தடுத்து வலியைக் குறைக்கும் முறைக்கு அது 2000இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. கிடைத்த அன்றே செலிப்ரெக்ஸ் மாத்திரையை விற்ற நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டது. 2004இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அந்த ஆவணத்தில் நொதி இருந்தது, சோதிக்கும் முறை இருந்தது. தடுக்கும் மூலக்கூறு ஒன்றுகூட இல்லை. வேதியியலில் எண்ணம் மட்டும் போதாது. கட்டமைப்பு என்ன, அதை எப்படிச் செய்வது என்ற இரண்டும் வேண்டும்.

இதன் மறுபக்கம் மாணவர்களைப் பாதிக்கிறது. சொன்னபடி வினையை ஓட்டி, மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் என்எம்ஆர் அளவீட்டை எடுத்துக் கொடுத்தவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார். அதே மாணவர், வினை நின்றுபோனதைப் பார்த்துத் தானாக லிகண்டை (வினையூக்கியின் உலோகத்தோடு இணையும் மூலக்கூறை) மாற்றி, அந்த மாற்றம் உரிமைக்கோரிக்கையில் இடம்பெற்றால், அவர் பெயர் வந்தே ஆக வேண்டும். ஆய்விதழ்க் கட்டுரையில் துறைத் தலைவர் பெயரை மரியாதைக்குச் சேர்ப்பது போல இங்கே சேர்த்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நாமே சாவியைக் கொடுத்தது போலத்தான்.

மாதிரிப் பொருள் கைமாறும் இடம்தான் சிக்கலின் ஊற்று. ஐந்து கிராம் வெள்ளைத் தூளைப் புட்டியில் போட்டு, 'சோதித்துப் பாருங்கள்' என்ற ஒற்றை வரி மின்னஞ்சலோடு அனுப்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து நிறுவனம் ஒரு மீதைல் தொகுதியை மாற்றித் தன் பெயரில் விண்ணப்பிக்கும். மாதிரி ஒப்பந்தத்தில், அதிலிருந்து பெறப்படும் மாற்றுருக்கள் யாருக்கு, கட்டமைப்பைப் பகுத்தாய அனுமதி உண்டா என்ற இரண்டு வரிகளாவது இருக்க வேண்டும். புட்டியோடு தயாரிப்புத் தொகுதி எண், என்எம்ஆர் மூலக் கோப்பு, ஈரப்பத அளவு, உலோகத் தடய அறிக்கை ஆகியவற்றையும் அனுப்ப வேண்டும். உலோகத் தடயம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வழக்கமாகப் பல்லேடியம் உலோகத்தால் நடக்கும் சுசுகி இணைப்பு (இரண்டு கரிம மூலக்கூறுகளை இணைக்கும் வினை) உலோகமே இல்லாமல் நடக்கிறது என்று 2003இல் அறிவித்த குழுவே, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் இருந்த 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) அளவு பல்லேடியம்தான் வேலையைச் செய்திருக்கும் என்று 2005இல் எழுதியது. 'உலோகமற்ற முறை' என்று காப்புரிமை கேட்டிருந்தால் அதன் கதி என்ன?

கரைப்பானும் அப்படித்தான். ஆய்வுக்கூடத்தில் புதிதாக வடித்த டிஎச்எஃப். ஆலைக்கு வரும் பீப்பாயில் பிஎச்டி (BHT) என்ற நிலைப்படுத்தி கலந்த டிஎச்எஃப். சில வினைகள் இந்த வேறுபாட்டிலேயே படுத்துவிடும். எந்தத் தரம் என்று விண்ணப்பத்தில் எழுதாவிட்டால், 'எடுத்துக்காட்டு 1ஐச் செய்து பார்த்தோம், வரவில்லை' என்று எதிர்த்தரப்பு நிற்கும். பல்கலைக்கழகத்தின் கோரிக்கை சரிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட அற்பக் காரணங்களால்தான்.

விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடிப்பை வெளியிடும் விஷயத்தில் சிங்கப்பூர் தாராளம்: கண்டுபிடிப்பாளரே வெளியிட்டாலும் விண்ணப்பிக்க 12 மாதச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. நூலகத்தில் வைத்த முனைவர் பட்ட ஆய்வேடும் மாநாட்டுச் சுவரொட்டியும் அங்கே உங்களுக்கே எதிராக நிற்கும்.

கடைசியாக அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு. தாய் நிறுவனம் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருந்தால், முதல் விண்ணப்பத்தை அங்கேயே போட ஆசைப்படும். சிங்கப்பூரில் வசிப்பவர் பதிவாளரின் எழுத்துமூல அனுமதி பெறாமல், அல்லது இங்கே விண்ணப்பித்து இரண்டு மாதம் காத்திருக்காமல், வெளிநாட்டில் விண்ணப்பித்தாலோ விண்ணப்பிக்கச் செய்தாலோ குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்த அனுமதிக் கடிதத்தை யார் வாங்குவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்; இல்லையென்றால் அது மற்றவர் வேலை என்றே இரு தரப்பும் நினைத்துக்கொண்டிருக்கும்.